ஜீப் நிற்க மறுப்பது குறித்து மாமாவுக்கு

திகாம் பத்து,
வெள்ளிக்கிழமை, காப்புக் கட்டிய அடுத்த வாரம்.

பெருமதிப்பிற்குரிய மாமா முருகையா அவர்களின் பாதங்களுக்கும், சிறப்பாக அறுவை செய்த வலது முட்டிக்கும், மருமகன் தயாளன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் தங்கள் மகள் நவமணியும் மாரியம்மன் அருளால் நலம் என்று எழுதுவது முறை என்பதால் எழுதிவிட்டேன். அங்கே பண்டார் பாருவில் தாங்களும், மச்சான் சத்தியசீலனும், அவர் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். முட்டி மடங்குகிறதா, படி ஏற முடிகிறதா, டாக்டர் சொன்ன பயிற்சியைத் தாங்கள் செய்கிறீர்களா அல்லது செய்ததாகச் சொல்கிறீர்களா என்றெல்லாம் கேட்கும்படி நவமணி என்னிடம் சொல்லவில்லை. ஆனால் நான் அதைக் கேட்டு எழுதுகிறேனா என்று தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

போன் செய்தால் தாங்கள் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்புவதைத் தாங்கள் படிப்பது நீலக் கோட்டில் தெரிகிறது, பதில் மட்டும் வருவதில்லை. குரல் பதிவு அனுப்பினேன், அதையும் கேட்டிருக்கிறீர்கள், இரண்டு தடவை கேட்டதாக மச்சான் சொன்னார். ஆகவே தபால் தலையை எந்தப் பக்கம் ஒட்டுவது என்பதே மறந்துபோன இந்தக் காலத்தில் பேனாவைத் தேடி எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். பேனா கிடைத்தது, மை வரவில்லை. இது நவமணியின் பேனா. போனைப் பாதியில் வைப்பதுபோல் கடிதத்தைப் பாதியில் வைக்க மாட்டீர்கள் என்ற ஒரே தைரியத்தில் எழுதுகிறேன்.

அம்மன் தேரை இழுக்கும் ஜீப்பின் இன்ஜினை மாற்றிவிட்டோம் என்று நான் சொன்ன அன்றைக்குத் தாங்கள் சொன்னது இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. “இன்ஜின மாத்திட்டீங்கல்ல, இனிமே அது என் காடி இல்ல. நான் தேருக்கு வரல.” அவ்வளவுதான், வைத்துவிட்டீர்கள். எனக்கு நினைவு தெரிந்து நம் தோட்டத்து மாரியம்மன் தேர் நீங்கள் இல்லாமல் புறப்பட்டதில்லை. நவமணிக்கும் நினைவு தெரிந்து புறப்பட்டதில்லை, அவளுக்கு என்னைவிட நல்ல நினைவு. அன்றிலிருந்து அவள் என்னிடம் பேசுவது சாப்பாடு மேசையில் இருக்கிறது, கேட்டைப் பூட்டுங்கள் என்ற இரண்டுதான். முன் அறையில் நான் அடுக்கி வைத்திருந்த பழைய பேப்பர் கட்டுகளையும், என் மடக்கு நாற்காலியையும், ஓடாத ரேடியோவையும் தூக்கி வெளியே வைத்துவிட்டாள். கோபத்தில்தான் என்று நினைக்கிறேன், கேட்கப் பயமாக இருக்கிறது. நீங்கள் வராத தேரை என் மனைவி எனக்கு ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டாள் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மாமா, நான் விளையாட்டுக்கு மாற்றவில்லை. போன வருஷம் ஸ்டியரிங்கில் இருந்ததே நீங்கள்தான். பழைய பெட்ரோல் இன்ஜின் பாதி வழியில் கொதித்து, பானெட்டிலிருந்து புகை கிளம்பி, வண்டி போய் நின்ற இடம் சவப்பெட்டிக் கடை வாசல். அம்மன் முழு அலங்காரத்தில் தேரில் நிற்க, எதிரே வரிசையாகப் பெட்டிகள். கடைக்காரச் சீனர் நல்ல மனுஷர், பதறிப்போய் ஓடிவந்து ஊதுபத்தி கொளுத்திக் கும்பிட்டுவிட்டு, பெட்டிகளின் மேல் வெள்ளைத் துணி போட்டு மூடினார். மூடிய பிறகு இன்னும் பயமாக இருந்தது. அந்த வருஷம் முழுக்கத் தாமான் வீடுகளில் யாராவது தும்மினால்கூட அந்தக் கடை வாசலைத்தான் சொன்னார்கள். கடைசியில் தேர்க் கமிட்டி கூடி, ஒன்று ஜீப் இன்ஜினை மாற்ற வேண்டும், இல்லையென்றால் யோகேந்திரனின் லோரியைக் கட்டித் தேரை இழுக்க வேண்டும் என்று முடிவு செய்தது. யோகேந்திரன் கோழி ஏற்றுகிறவர். லோரியை எத்தனை தடவை கழுவினாலும் அது கோழி லோரிதான், காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் தெரியும். தோட்டத்தை விற்றபோது துரை ஓட்டிய இந்த லேண்ட்ரோவர் ஜீப்பை நீங்கள் கெஞ்சி வாங்கியதும், தோட்டமே போய்ப் பாதி செம்பனைக் காடும் பாதி தாமானுமாக ஆன பிறகும் அதை அம்மனுக்கென்றே வைத்திருந்ததும் எனக்குத் தெரியாதா? அந்த இடத்தில் கோழி லோரி வரக் கூடாது என்றுதான் எழுந்து நின்று, இன்ஜினை மாற்றிவிடுவோம், நான் பொறுப்பு என்று சொன்னேன். எழுந்து நின்றதுதான் தப்பு. உங்கள் முட்டி சரியில்லாததால் இந்த வருஷம் ஸ்டியரிங்கும் என் தலையிலேயே விழுந்தது. நான் இதுநாள்வரை ஓட்டியது ஆட்டோ கியர் மைவி கார் என்பதை அந்தக் கூட்டத்தில் யாருமே நினைத்துப் பார்க்கவில்லை, நான் உட்பட.

பல்ப் மாற்றுவதுபோல் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கோயிலுக்குப் பின்னால் காடி ரிப்பேர் பட்டறை வைத்திருக்கிற போமென் மனோகரனிடம் அப்படியே சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பதுபோல் இதற்கும் பார்க்க வேண்டும் என்றார். இன்ஜின் ஜப்பான் லோரியுடையது, கியர்பாக்ஸ் வெள்ளைக்காரனுடையது. இரண்டுக்கும் நடுவில் மணியைக் கவிழ்த்தாற்போல் ஒரு இரும்புக் கூடு, பெல் ஹவுசிங் என்கிறார், அதற்குள்தான் கிளட்ச் குடியிருக்கிறது. முதலில் போல்ட் ஓட்டையே பொருந்தவில்லை. இன்ஜினில் ஒரு இடத்தில், கூட்டில் வேறு இடத்தில். அதற்காக நடுவில் வைக்க ஒரு தடித்த இரும்புத் தட்டு செய்தார்கள், ஒரு பக்க ஓட்டை இன்ஜினுக்கு, மறுபக்க ஓட்டை கூட்டுக்கு. சரி என்று நிம்மதியாக இருந்தால், புது கிளட்ச் தட்டு பழைய கியர்பாக்ஸ் தண்டில் ஏறமாட்டேன் என்றது. தண்டில் இருக்கும் பல்லும் தட்டின் நடுவில் இருக்கும் பல்லும் வேறு வேறாம். கிளட்ச்சுக்குப் பல் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

பல் பொருந்துகிற தட்டு கோத்தா கோலா மூடாவில் மீன் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு கிழட்டு லேண்ட்ரோவரில் இருப்பதாகக் கேள்விப்பட்டு நானே போனேன். அந்த வண்டி ஓடாமல் போய்ப் பல வருஷம் ஆகிறது, மீன் வாடை மட்டும் இன்னும் ஓடுகிறது. விரதக்காரன் நான், மீன் வாடை அடிக்கும் தட்டை மைவியின் முன் சீட்டில் வைத்து, கண்ணாடியை எல்லாம் இறக்கிவிட்டு, அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். அதன் நடுப்பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தட்டில் வைத்து ரிவெட் அடித்தார்கள். இரண்டாவது பொருத்தமும் முடிந்தது.

மூன்றாவதுதான் வினை. அந்தத் தடித்த தட்டு நடுவில் புகுந்துவிட்டதால் இன்ஜின் அவ்வளவு தூரம் முன்னே தள்ளிப்போய்விட்டது. கிளட்ச் பெடலை மிதித்தால் கூட்டுக்குள் ஒரு பேரிங் போய்க் கிளட்ச்சைத் தள்ள வேண்டும், அப்போதுதான் இன்ஜின் கியரை விடும், வண்டி நிற்கும். இடைவெளி கூடிவிட்டால் பேரிங் எட்டாது. எட்டாவிட்டால் பெடலைத் தரையோடு தரையாக மிதித்தாலும் வண்டி போய்க்கொண்டே இருக்கும். இதை மனோகரன் முன்கூட்டியே யோசித்தார் என்பதை அவர் சார்பில் சொல்லத்தான் வேண்டும். சுங்கைப் பட்டாணியில் கடைசல் பட்டறை வைத்திருக்கும் ஆ செங்கிடம், தட்டையே சீவித் தடிப்பைக் குறைத்துவிடு, முடியாவிட்டால் இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் கடைந்து கொடு என்று சொல்லிவிட்டார். இரண்டில் ஒன்று செய்தால் போதும். ஆ செங் வேலையை முடித்ததும் சாமான்களை ஒரு பையில் போட்டு என்னிடம் கொடுத்தார். கொடுக்கும்போது மலாயில் நீளமாக ஏதோ விளக்கினார், நான் தலையை ஆட்டினேன். புரியாதபோது நான் இன்னும் நன்றாகத் தலையாட்டுவேன் என்பது உங்களுக்குத் தெரியும், பெண் பார்க்க வந்த அன்றும் அப்படித்தான் ஆட்டினேன்.

மறுநாள் காப்புக் கட்டு. அம்மன் தேரை இழுக்கப்போகிற சாமான்கள் நேராகப் பட்டறைக்குப் போவதா, நம் வீட்டுச் சாமி அறையில் ஒரு ராத்திரி இருந்துவிட்டுப் போகட்டும் என்று எனக்குத் தோன்றியது. பெரிய தாம்பாளத்தில் எல்லாவற்றையும் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் நானே மஞ்சள் தடவிக் குங்குமப் பொட்டு வைத்தேன். எது எதற்கு என்று தெரியாததால் நட்டு போல்ட்டுக்கும் வைத்தேன். நவமணி அதே இடத்தில் உங்கள் வீட்டு வழக்கப்படி சொம்பில் நீர் நிரப்பி, மாவிலை சொருகி, தேங்காய் வைத்துக் கலசம் நிறுத்தினாள். ஒரு நல்ல சகுனத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். வருஷா வருஷம் அந்தச் சொம்பு ஒரு பக்கம் சாய்ந்து ஆடும், அரிசியைக் குவித்து முட்டுக் கொடுக்க வேண்டியிருக்கும் அல்லவா? இந்த வருஷம் ஆணி அடித்தாற்போல் நிற்கிறது. கோயில் மாதர் பிரிவுத் தலைவி பிரேமாவதி அக்கா வந்து பார்த்துவிட்டு, அம்மன் மனம் குளிர்ந்துவிட்டாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன். காலையில் தாம்பாளத்தில் இருந்ததை எல்லாம் பையில் அள்ளிக்கொண்டு போய் மனோகரனிடம் கொடுத்தேன். அவர் எல்லாம் இருக்கிறதா என்று கேட்டார், நான் தலையாட்டினேன்.

மனோகரன் இரண்டு ஆட்களை வைத்து எல்லாவற்றையும் பூட்டி முடித்துவிட்டுத் தகவல் சொன்னார். ஜீப்பைக் கோயில் வாசலுக்குக் கொண்டுவந்து, நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பூசாரி கற்பூரம் காட்ட, நான் பெடலை முழுக்க மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்பினேன். முதல் கியரில் இருந்திருக்கிறது. இருந்தால் என்ன, பெடலைத்தான் மிதித்திருக்கிறேனே என்று நீங்கள் கேட்பீர்கள், நானும் அதைத்தான் கேட்டேன். வண்டி அது பாட்டுக்கு ஒரு தாவு தாவியது. பூசாரி தட்டோடு தேங்காய்க் கூடைக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டார். பழம் நான்கும் மந்திரம் முடிவதற்கு முன்பே நசுங்கிவிட்டதால் பரிகாரமாக இன்னும் நான்கு வைத்தார்கள், அவையும் அப்படியே ஆயின. கூடியிருந்த அத்தனை பேரும் என் இடது காலைத்தான் பார்த்தார்கள். ஆட்டோ கியர் ஓட்டுகிறவனுக்குக் கிளட்ச் எங்கே மிதிக்கத் தெரியும் என்று யோகேந்திரன் சத்தமாகவே சொன்னார். மனோகரன் மட்டும் என் பக்கம் நின்றார். “புது கிளட்ச் லா அண்ணே. ஓட ஓட செட் ஆயிடும்.”

ஓட்டிப் பார்ப்பதற்காக ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை வைத்தோம். சாமி இல்லாமல் வெறும் தேரை ஜீப்பின் பின்னால் கட்டி, தாமானுக்குள் வழக்கமாகப் போகும் தெருவில் போவது என்று ஏற்பாடு. தேர் இழுப்பது மற்ற ஓட்டம் மாதிரி இல்லை, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நடையைவிட மெதுவாகப் போக வேண்டும், ஒவ்வொரு வாசலிலும் நிற்க வேண்டும், அர்ச்சனைத் தட்டு ஏறி இறங்க வேண்டும், பிறகு ஆட்டாமல் கிளம்ப வேண்டும். நீங்கள் செய்யும்போது அம்மன் நெற்றிச்சுட்டிகூட அசையாது. நான் பிரேமாவதி அக்கா வாசலில் பெடலை மிதித்தேன். ஜீப் நிற்கவில்லை. இன்னும் மிதித்தேன், பெடலுக்கு அதற்குமேல் போக வழியில்லை, ஜீப் போய்க்கொண்டிருந்தது. அக்கா ஒத்திகைதானே என்று அலட்சியமாக இருக்காமல் உண்மையான தட்டு, உண்மையான தேங்காய், பழம், வெற்றிலையோடு நின்றிருந்தார். அவர் தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தேரோடு நடந்தார், பிறகு ஓட்டமும் நடையுமாக வந்தார். அடுத்த வீட்டுக்காரர்கள் அவரைத்தான் முதலில் பார்த்தார்கள், அப்புறம்தான் தேரைப் பார்த்தார்கள். நான் பயந்துபோய் பிரேக்கை அழுத்தினேன். இன்ஜின் செத்துப்போய் ஜீப் நின்றது. தேருக்கு அது தெரியவில்லை, வந்து பின்னால் இடித்தது. மறுபடி ஸ்டார்ட் செய்தால் மறுபடி தாவல். கியரை எடுக்கப் பார்த்தால் கரகரவென்று ஒரு சத்தம், தெருவில் இருந்த நாய்கள் எல்லாம் எழுந்து போய்விட்டன. இப்படித் தாவி, செத்து, இடித்து, தாவி, தெருக்கோடிவரை போனோம். வீட்டு எண் பார்த்து நின்றது ஒரே ஒரு வாசல், அது பூட்டிக் கிடந்த வீடு.

அந்த நேரத்தில் எனக்கு வந்த பயத்தை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? நாதஸ்வரக்காரர்கள் தேருக்கு முன்னால் நடப்பார்களே, அவர்களை நான் துரத்திக்கொண்டு போவதுபோல் அன்று ராத்திரி கனவு வந்தது. அவர்கள் ஓடிக்கொண்டே வாசிக்கிறார்கள். மேளக்காரர் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். அம்மன் தேரில் ஒரு கையால் கிரீடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். விழித்துப் பார்த்தால் என் இடது கால் கட்டில் விளிம்பை மிதித்துக்கொண்டிருந்தது.

மனோகரன் மறுநாள் வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். பேரிங் எட்டவில்லை. வளையம் இல்லை. பையில் வளையம் வரவில்லையே, அப்படியானால் ஆ செங் தட்டைச் சீவிவிட்டார் போல என்று நினைத்துத்தான் பூட்டினேன் என்றார். நானும் அவரும் சுங்கைப் பட்டாணிக்குப் போய் ஆ செங்கிடம் கேட்டோம். அவர் தட்டைச் சீவவே இல்லையாம், சீவினால் பலம் போய்விடுமாம், அதனால் நல்ல பித்தளையில் ஒரு வளையம் கடைந்து, பளபளவென்று தேய்த்து, என் கையிலேயே கொடுத்தாராம். கொடுத்தபோது விளக்கமாகச் சொன்னேனே, இந்த ஆள் தலையாட்டினாரே என்று என்னைக் காட்டினார். மனோகரன் என்னைப் பார்த்தார். நான் அப்போதும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். சரி, போனது போகட்டும், இன்னொன்று கடைந்து கொடுங்கள் என்றால் ஆ செங் முகம் சிவந்துவிட்டது. இன்னொன்று செய்தால் முதலில் செய்யவில்லை என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமாம், அப்பா காலத்திலிருந்து பட்டறை நடத்துகிறாராம், பொய் சொன்னதே இல்லையாம். வேறு பட்டறைக்குப் போனால் அளவு கேட்கிறார்கள். அளவு எடுக்க வேண்டுமென்றால் கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும். மனோகரனோ வளையம் கையில் இல்லாமல் பிரிக்கமாட்டேன், பிரித்துப் போட்டுவிட்டுத் தேரன்று வண்டியே இல்லாமல் நின்றால் ஊர் என்னை உதைக்கும் என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான், ஆ செங் சொல்வதும் நியாயம்தான், நடுவில் நிற்கிற நான்தான் அந்த இரும்புத் தட்டு மாதிரி இரண்டு பக்கமும் ஓட்டை விழுந்து கிடக்கிறேன்.

மைவியின் சீட்டைக் கழற்றித் தேடினேன். ஆ செங் பட்டறை வாசலில் குனிந்து தேடினேன், ஒரு அம்மா எனக்கு நாணயம் கொடுத்தார். மனோகரன் பட்டறையில் எண்ணெய்ச் சகதிக்குள் கைவிட்டுத் தேடினேன். வீட்டில் எல்லா இடமும் தேடிவிட்டேன். தினமும் காலையும் மாலையும் கலசத்துக்கு முன்னால் விழுந்து, தாயே அந்த வளையத்தைக் கண்ணில் காட்டு என்று கேட்கிறேன். நவமணி எனக்குப் பின்னால் நின்று மணி அடிக்கிறாள். நான் கேட்பதைக் கேட்டுக்கொண்டேதான் அடிக்கிறாள், ஒரு வார்த்தை ஆறுதல் சொல்வதில்லை. உங்கள் மேல் உள்ள பாசம் என் மேல் கோபமாகத் திரும்பியிருக்கிறது என்று புரிந்துகொள்கிறேன்.

ஆகவே மாமா, தோற்றுவிட்டேன் என்று எழுதிவிடுகிறேன். நீங்கள் சொன்னதுதான் சரி. வேறு வேறு வீட்டு இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்து வைத்தது என் குற்றம். நேற்று ராத்திரி கமிட்டி கூடியது. வரும் வெள்ளிக்கிழமைத் தேரை யோகேந்திரனின் லோரியே இழுக்கும். ஜீப்பைக் கோயில் பின்புறம் கன்வஸ் போட்டு மூடி வைப்போம். யோகேந்திரன் லோரிக்கு மூன்று நாள் சாம்பிராணி போடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். திருவிழா முடிந்ததும் ஜப்பான் இன்ஜினை இறக்கிவிட்டு உங்கள் பழைய இன்ஜினையே ஏற்றித் தருகிறேன். அது மனோகரன் பட்டறையில் பத்திரமாக இருக்கிறது, அதன் மேல் யாரையும் டீ கிளாஸ் வைக்க விடுவதில்லை. இந்த அலங்கோலத்தைப் பார்க்க நீங்கள் முட்டி வலியோடு அவ்வளவு தூரம் வர வேண்டாம். மச்சான் மகள் போனில் பேஸ்புக்கைத் திறந்தால் நேரடியாகவே தேரைக் காட்டுவார்கள், அங்கேயே காலை நீட்டிக்கொண்டு தரிசனம் செய்துவிடலாம். கோழி வாடையும் வராது.

மாரியம்மன் தங்களுக்கு நீண்ட ஆயுளும், மடங்குகிற முட்டியும், மருமகனை மன்னிக்கிற மனமும் தர வேண்டுகிறேன். மச்சானுக்கும் வீட்டாருக்கும் என் அன்பைச் சொல்லவும். நாளைக்கே கையில் கிடைக்கும்படி கூரியரில் அனுப்புகிறேன்.

தங்கள் கீழ்ப்படிந்த மருமகன்,
தயாளன்

பின்குறிப்பு: மாமா, மேலே நேற்று ராத்திரி கமிட்டி கூடியது என்று எழுதிய இடத்திலிருந்து கையெழுத்துவரை எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். உறையை ஒட்டுவதற்கு முன் கடிதத்தைச் சாமி அறையில் வைத்துக் கும்பிடப் போனேன். கலசத்தின் காலடியில் வைக்கலாம் என்று குனிந்தேன். சொம்புக்கு அடியில், சொம்பு ஆடாமல் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும்படி, பளபளவென்று ஒரு பித்தளை வளையம். அதன் விளிம்பில் நான் வைத்த குங்குமப் பொட்டுகூட அழியவில்லை. இத்தனை நாளும் எதைக் கண்ணில் காட்டு என்று கேட்டேனோ அதற்கு முன்னாலேயே விழுந்து கேட்டிருக்கிறேன்.

கையை நீட்டினேன். வாசற்படியிலிருந்து நவமணி, “தொடாதீங்க” என்றாள். காப்புக் கட்டுக்கு நிறுத்திய கலசத்தைத் தேர் முடிந்து மஞ்சள் நீராடும்வரை அசைக்கக் கூடாது, உங்கள் வீட்டு வழக்கம். தேர் ஓடி முடிந்தால்தான் வளையம் வெளியே வரும், வளையம் வெளியே வந்தால்தான் தேர் ஓடும். எனக்குத் தலை சுற்றியது. இது இங்கே இருப்பது உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். சொம்பு ஆடியதால் தாம்பாளத்திலிருந்து எடுத்து வைத்தது அவள்தானாம், அப்போது அது என்னவென்று தெரியாதாம். நான் வளையம் வளையம் என்று தேட ஆரம்பித்த அன்றைக்கே தெரிந்துவிட்டதாம். பிறகு ஏன் சொல்லவில்லை என்றேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எழுதச் சொன்னதும் அவள்தான்.

“வீட்டுப் பெரியவங்க கையால எடுத்து வேற எடத்துல வெச்சா குத்தமில்ல. அப்பா வரட்டும், அவர் எடுக்கட்டும்.”

இந்த வீட்டில் நானும் ஒரு பெரியவன்தானே என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா வராவிட்டால் என்ன செய்வாய் என்று மட்டும் கேட்டேன்.

“கோழி லோரி இருக்குல்ல.”

மனோகரனுக்குப் போன் செய்துவிட்டேன். வளையம் கைக்கு வந்தால் ஒரே பகலில் பிரித்துப் போட்டுவிடுவாராம், அதனால் புதன்கிழமைக்குள் உங்கள் கை கலசத்தில் பட வேண்டும். ஆ செங்கிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதற்கும் நீங்கள் கூட வந்தால் நல்லது, நான் தனியாகப் போனால் தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். யோகேந்திரனிடம் இன்னும் சொல்லவில்லை. ஸ்டியரிங்கில் நான் இருக்கிறேன், பக்கத்துச் சீட்டில் நீங்கள் இருந்து எப்போது மிதிக்க வேண்டும் என்று சொன்னால் போதும்.

இதை எழுதி முடித்து நவமணியிடம் காட்டினேன். படித்துவிட்டு, வாருங்கள் என்று கெஞ்சி எழுத வேண்டாம், வீட்டில் இருப்பதை எழுதினால் போதும் என்று சொல்லி என்னை முன் அறைக்குக் கூட்டிப்போனாள். என் பேப்பர் கட்டு இருந்த இடத்தில் கட்டில் போட்டு, புதுத் துணி விரித்து, சுவரில் கைப்பிடி அடித்து வைத்திருக்கிறாள். எப்போது அடித்தாள் என்று எனக்குத் தெரியாது. கட்டிலில் மூன்று தலையணை இருந்தது. ஒரு ஆளுக்கு மூன்று எதற்கு என்று கேட்டேன். மூன்றாவது அப்பாவின் முட்டிக்கு என்றாள்.